பன்னிரண்டுக்குப் படிந்த மூச்சு

1

மாத்தளையில் ஒரு மனிதருடைய மூச்சு பன்னிரண்டுக்குப் போனது. பன்னிரண்டு ரூபாய் என்று நினைத்துவிடாதீர்கள், பன்னிரண்டு சென்ரிமீற்றர். ஒரு குழாயில் தண்ணீரை அந்த உயரத்துக்குத் தள்ளிப் பிடிக்க எவ்வளவு காற்று வேண்டுமோ, அவ்வளவு காற்று. அதில் குறைந்தால் அவருக்குத் தூக்கத்தில் மூச்சு நின்றுபோகும். ரொம்பக் கூடினால் காற்று முகமூடியைப் பிய்த்துக்கொண்டு வெளியே போகும், இல்லாவிட்டால் வயிற்றுக்குள் இறங்கி அவரைப் பந்தாக்கும். விலைமதிக்க முடியாதது என்று எல்லோரும் சொல்லும் சரக்குக்கு இத்தனை துல்லியமாக ஒரு விலை உண்டு என்று கேட்டதும் எனக்குக் கதை எழுதக் கை ஊறியது. மிளகு வாங்கி விற்கும் குடும்பத்தில் பிறந்தவனுக்கு வேறு எப்படித் தோன்றும்? எங்கள் வீட்டுப் பிள்ளைகள் முதலில் பேசுகிற சொல் "குறைச்சுச் சொல்லுங்க" என்பதுதான் என்பார் என் மாமா கணபதி.

ஆகவே முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதை என் மண்டையில் பிறந்ததில்லை, வாங்கியது. எல்கடுவப் பக்கம் மிளகும் கராம்பும் சேர்த்து எங்கள் கடைக்குக் கொண்டுவரும் றொபின்சன் அண்ணன், வழக்கமாகச் சின்ன லொறி நிறைய மூட்டையோடு வருகிறவர், ஒருநாள் ஒரே ஒரு மூட்டையோடு முச்சக்கர வண்டியில் வந்து இறங்கினார். லொறிக்கு என்ன ஆனது என்று கேட்டேன். தராசுக்குப் பக்கத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் என் கண்ணில் தெரிந்த ஆசையைப் பார்த்தார். பார்த்ததும் முகம் வியாபார முகமாக மாறியது.

"கதையாவா எழுதப் போறீங்க தம்பி? அப்ப சும்மா தர ஏலாது."

"என்ன வேணும் அண்ணே?"

"குறட்டைய இல்லாமப் பண்ணிரணும்."

"குறட்டை இல்லாட்டி கதையே இல்லையே."

"அப்ப பாதியாக் குறைங்க. சந்தையில ஒரு பய என்னையப் பாத்து 'கொர்'னு சொல்லக்கூடாது. அப்புறம், லொறி மரத்துல மோதிச்சுன்னு எழுதக்கூடாது. அது மோதல. சாஞ்சுது."

சரி என்றேன். கைகொடுக்கப் போன நேரத்தில் அவருடைய மனைவி மரிய கொறற்றி கைப்பேசியில் அழைத்தார். அண்ணன் விஷயத்தைச் சொல்லிவிட்டுக் கைப்பேசியை என் காதில் வைத்தார்.

"தம்பி, எழுதுறதுன்னா எழுதுங்க. என்னைய மட்டும் மாதா சிலை மாதிரி மெழுகுதிரி ஏத்தி வச்சு எழுதிறாதீங்க. நான் செஞ்சது பிழை. பிழைன்னே எழுதணும்."

மூன்று நிபந்தனைகள். பேரம் படிந்தது. சரக்கை இறக்குகிறேன், நிறை சரிதானா என்று நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

2

தொடக்கம், முதல் தடவை:

"நள்ளிரவு. எல்கடுவ மலைப்பாதையைப் பனி மூடியிருந்தது. தூரத்தில் ஒரு லொறியின் விளக்கு மினுங்—"

(நிறுத்துகிறேன். நடந்தது பட்டப்பகலில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. பனியும் கிடையாது. பனியை நான் வேறு யாருடைய கதையிலிருந்தோ கொண்டுவந்திருக்கிறேன்.)

தொடக்கம், இரண்டாம் தடவை:

"உறக்கத்தில் தொண்டையின் மெல்லிய சுவர்கள் தளர்ந்து மூச்சுப்பாதையை அடைத்துக்கொள்வதால் உண்டாகும் இந்நோயானது, உலகெங்கும்..."

(இதைப் படித்தால் உங்களுக்குத் தூக்கம் வரும். இந்தக் கதையில் தூக்கம் வருவது ஆபத்து.)

மூன்றாவதுதான் நிற்கிறது:

றொபின்சனின் லொறி, பின்னால் கராம்பு மூட்டைகளோடு, எல்கடுவயிலிருந்து இறங்கும் பாதையில் ஒரு வளைவுக்கு வந்தது. வளைவு வளைந்தது. லொறி வளையவில்லை. நேராகப் போய் ஒரு பலாமரத்தில் மோ— சாய்ந்தது. மாடு தோள் சொறிய மரம் தேடிப் போகுமே, அவ்வளவு நிதானமாக. மேலே தேயிலை மலையில் வேலையாக இருந்த முத்துவீரன் ஓடிவந்து கண்ணாடியைத் தட்டும்வரை உள்ளே தூங்கிப்போயிருந்தவருக்கு ஒன்றும் தெரியாது.

"என்னாண்ணே, மரத்துக்கு வெலை பேசுறீங்களா?"

"நிப்பாட்டி வச்சிருக்கேன்பா."

"இஞ்சின் ஓடுதே!"

"பாதி நிப்பாட்டிட்டேன்."

மரிய கொறற்றி அடுத்த நாளே பஸ் ஏறிப் போய் அந்த இடத்தைப் பார்த்தாள். (கதைக்குள் "அவள்" என்று எழுதுகிறேன். கடையில் கண்டால் "அக்கா"தான்.) லொறி சாய்ந்திருந்த மரத்தை அவள் அதிகம் பார்க்கவில்லை. மரம் இல்லாத இரண்டு பக்கங்களையும் பார்த்தாள். இரண்டு பக்கமும் பள்ளம். பள்ளத்துக்குக் கீழே தோட்டத் தொழிலாளர் லயன் வீடுகளின் கூரைகள், ஒரு கூரைக்குமேல் யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து லொறிச் சாவியை ஒளித்து வைத்தாள்.

3

எங்கே ஒளித்தாள் என்று உங்களுக்கு மட்டும் சொல்கிறேன், றொபின்சனிடம் சொல்லிவிடாதீர்கள். அலுவிகாரையில் அவர்கள் வீட்டு அலுமாரிக்கு மேலே ஒரு பெட்டி இருக்கிறது. கிறிஸ்மஸ் குடில் பொம்மைகள் இருக்கிற பெட்டி. வைக்கோலுக்குள் இடையர்கள், ஓர் ஒட்டகம், காது உடைந்த கழுதை, ஓர் ஆட்டுக்குட்டி. சாவி ஆட்டுக்குட்டிக்குக் கீழே. மார்கழி வரைக்கும் அந்தப் பெட்டியை யாரும் தொடுவதில்லை.

"மூச்சைச் சரிபண்ணிக்கிட்டு வாங்க. சாவி தாறேன்."

"மூச்சுக்கு என்னா கொறைச்சல்? விட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்?"

"பகல்ல விடுறீங்க. ராத்திரியில யாரு விடுறா? நிக்குது, நிக்குது, நான் உலுக்குனாத்தான் திரும்ப ஓடுது. ஷெனாலி கொழும்புக்கு வேலைக்குப் போனதே உங்க சத்தம் தாங்காமத்தான்னு அக்கம்பக்கத்துல பேசுறாங்க."

மகளை இழுத்தது நியாயமில்லை. மகள் சம்பளத்துக்காகப் போனவள். ஆனால் பேரத்தில் எல்லாக் கல்லையும் தராசில் போட வேண்டியதுதான். றொபின்சனுக்கும் அவசரம் இருந்தது. மிளகு சீசன் தொடங்கப் போகிறது. லொறி வாசலில் நின்றால், அவர் பல வருஷமாக வாங்கிவரும் தோட்டங்களுக்கெல்லாம் யட்டவத்தையிலிருந்து போட்டி வியாபாரி நிஸ்தார் வந்து நிற்பார். ஒரு சீசன் கைமாறினால் திரும்பி வராது. சாவி வேண்டுமானால் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும்.

போனார்.

4

தூக்க நோய் கிளினிக்கில் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணின் பெயர் மர்வா. அவள் பேச்சில் 'சொல்ல' என்பது 'செல்ல' ஆகும், 'இருக்கு' என்பது 'ஈக்கி' ஆகும். அவள் விளக்கியதை நான் கடைப் பாஷையில் சொல்கிறேன். மெல்லிய சொப்பிங் பையை எடுத்தால் அதன் வாய் ஒட்டிக்கொண்டு திறக்காது. என்ன செய்வோம்? வாயால் ஊதுவோம். மெதுவாக ஊதினால் திறக்காது. பலமாக ஊதினால் பை கையை விட்டுப் பறக்கும். அளவாக ஊதினால் அழகாகத் திறந்து நிற்கும். தூங்கும்போது றொபின்சனுடைய தொண்டை அந்தப் பை. மெஷின் ஊதும் வாய். அந்த அளவு எவ்வளவு என்று கண்டுபிடிப்பதுதான் முழு வேலையும்.

"எத்தனையில வச்சுத் தருவீங்க மகள்?"

"அத இப்பச் செல்ல ஏலா அங்கிள். ஒங்கட தொண்டைதான் செல்லணும். இந்த மெஷின் நாலுல தொடங்கும். மூச்சு அடைச்சா தானாவே கூட்டிப் பாக்கும்."

"எது வரைக்கும்?"

"இருபது."

"இருபதா! அஞ்சுக்கு முடிங்க."

"அங்கிள், இது வெல இல்ல."

"நாலுல தொடங்கி இருபதுல நிக்கிறது எல்லாமே வெலைதான் மகள்."

மர்வா சிரித்துவிட்டு விதிமுறைகளைச் சொன்னாள். மெஷின் ஒரு கிழமைக்கு, அதாவது ஒரு வாரத்துக்கு, கடன். அது இரவு முழுவதும் தொண்டையைத் தடவிப் பார்த்து, எந்த அளவில் மூச்சு நிற்காமல் ஓடுகிறது என்று பதிந்துகொள்ளும். கிழமை முடிந்ததும் அந்த அளவை எடுத்து, அதே அளவில் நிரந்தரமாக ஊதும் சாதாரண மெஷின் ஒன்றை அவர்கள் வாங்கிக்கொள்ளலாம். தினமும் நாலு மணித்தியாலமாவது முகமூடி முகத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பதிவு பிரயோசனமில்லை. மெஷின் அடுத்த நோயாளிக்குப் போகும், இவர்கள் பெயர் காத்திருப்போர் பட்டியலின் வாலுக்குப் போகும்.

மர்வா இரண்டு விஷயம் சொன்னாள். தொண்டையின் அளவைக் கண்டுபிடிப்பது ஒன்று, மணித்தியாலம் குறையக்கூடாது என்பது மற்றது. கொறற்றியின் காதில் இரண்டாவதுதான் ஏறியது. ஏன் என்று எனக்கும் அப்போது விளங்கவில்லை.

5

இங்கே கதை நின்றுவிட்டது. ஒரு மாதம் எழுதவில்லை. காரணம், கொறற்றி அடுத்துச் செய்த காரியத்தை என்னால் நம்ப முடியவில்லை. நான் நம்பாததை உங்கள் தலையில் கட்டுவது எங்கள் கடை வழக்கமில்லை. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து அவர்கள் வீட்டுக்கு வந்த நேரம் பார்த்து அலுவிகாரைக்குப் போனேன். கொறற்றி அக்கா முறத்தில் மிளகுக் காம்பு பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா, முதல் ராத்திரி என்ன நடந்துச்சு?"

"மாஸ்க்கப் போட்டாரு. கொஞ்ச நேரம் கூரையப் பாத்துக்கிட்டுக் கெடந்தாரு. கண்ணு சொருகுனதும் தூக்கத்திலேயே கழட்டி வீசிட்டாரு. திருப்பிப் போட்டேன். திருப்பி வீசினாரு. எழுப்பிச் சொன்னா, 'காலையில கொண்டுபோயி அந்தச் சனியனத் திருப்பிக் குடு'ங்கிறாரு. மெஷின் பாட்டுக்கு ஊதுது. யாருக்கு ஊதுது? சொவத்துக்கு."

"அதுக்காக அத நீங்க மாட்டிக்கிட்டீங்களா?"

உப்புக்குப் பேரம் பேசுகிற வாடிக்கையாளரைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீங்க கடையில வளந்தவரு. நான் எல்கடுவ லயத்துல வளந்தவ. கல்யாணம் கட்டுறவரைக்கும் கொழுந்து எடுத்தேன். என் பக்கத்து நிரையில சந்திரகாந்தான்னு ஒருத்தி. வயித்துல புள்ள, நிக்கவே ஏலாது அவளுக்கு. நிறுவையில கொழுந்து குறைஞ்சா அன்னைக்கு அரைப்பேர்தான் போடுவாங்க, பாதிச் சம்பளம். அதுக்கு நாங்க என்னா செய்வோம்? ஆளுக்கு ரெண்டு பிடி எங்க கூடையிலருந்து அவ கூடைக்குப் போட்டுருவோம். தராசு என்னா கேக்குமா, இது யாரு கிள்ளுன கொழுந்துன்னு?"

"கேக்காது."

"மெஷினையும் அப்படித்தான் நெனச்சேன். மணித்தியாலம் குறைஞ்சா முறை போயிரும். முறை போனா இன்னும் எத்தனை மாசம்? அதுவரைக்கும் இவரு மூச்சு? அவரு கூடைக்கு என் மூச்சைப் போட்டேன். அவ்வளவுதான்."

விடியப் போகும் நேரத்தில் முகமூடியைக் கழற்றி அவருக்கு மாட்டிவிடுவாளாம். அரைத்தூக்கத்தில் அவரும் சும்மா இருப்பார். எழும்பியதும் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "பாத்தியா, ராத்திரி முழுக்கப் போட்டுக்கிட்டே தூங்கியிருக்கேன்" என்பார். அக்கம்பக்கத்துக்கும் சொல்வார்.

(என் இரண்டாம் வரைவில் இந்த இடத்தில் கொறற்றியின் கண் கலங்கியது. நிபந்தனை ஞாபகம் வந்து அடித்துவிட்டேன். உண்மையில் மிளகுத் தூசிக்கு இரண்டு தடவை தும்மினார். பிறகு எனக்குப் பாலில்லாத பிளேன்ரீ ஊற்றித் தந்தார்.)

இப்போது நம்புகிறேன். மேலே போவோம்.

6

கிழமை முடிந்து மெஷினைத் திருப்பிக் கொடுக்கப் போன காலையில் மர்வா பதிவைக் கணினியில் திறந்தாள். றொபின்சன் நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

"ஏழு," என்றாள் மர்வா.

"பாத்தியா கொறற்றி! இருபதுல நின்னாங்க, அஞ்சு கேட்டேன், ஏழுக்குப் படிஞ்சுது. இதுக்குப் பேருதான் யாவாரம்." உள்ளங்கையை விரித்து மனைவிக்கு முன்னால் நீட்டினார். "எடு சாவிய."

"ஒரு பிரச்சினை மட்டும் ஈக்கி," என்றாள் மர்வா. "மாஸ்க்ல காத்து கசியுது. ராத்திரி முழுக்க, விட்டு விட்டு. வேற சைஸ் மாஸ்க் ஒண்டு தந்தா சரியாகும் எண்டு நெனக்கிறன்."

வாசகரே, இங்கே ஒரு நிமிஷம். கதை இந்த இடத்தில் இரண்டாகப் பிரிகிறது. கொறற்றி வாயைத் திறக்காவிட்டால் எல்லோருக்கும் லாபம். மர்வாவின் கோப்பு மூடப்படும். றொபின்சனுக்குச் சாவி. கொறற்றிக்குப் பழி இல்லை. அந்தப் பக்கமும் எழுதிப் பார்த்தேன்:

"ஏழில் வைத்த மெஷின் ஊதிக்கொண்டிருக்க, றொபின்சனின் தொண்டை இரவெல்லாம் மூடி மூடித் திறந்தது. காலையில் சாவியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனார். திரும்பும்போது மூட்டைகள் கனமாக இருந்தன. வெயில் இதமாக இருந்தது. அதே பாதையில், ஒரு வளைவு முன்னால், மரம் இல்லாத பக்கத்தில், லொறி—"

(இதற்குமேல் எழுதவில்லை. கோடு கோடாகவே இருக்கட்டும்.)

இந்த வாக்கியத்தின் மிச்சத்தைக் கொறற்றி பஸ் ஏறிப் போய் நேரிலேயே பார்த்துவிட்டு வந்தவள். நீட்டிய கையைப் பார்த்தாள். ஏழு என்று காட்டும் திரையைப் பார்த்தாள். சந்திரகாந்தாவின் கூடை வேறு, இது வேறு என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தராசு யாருடைய கொழுந்து என்று கேட்காது. மெஷின் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

"அது மாஸ்க் இல்ல மகள்," என்றாள். "அது இவரு."

"விளங்கல்ல அன்ட்டி."

"மாஸ்க் எம் மொகத்துல இருந்துச்சு. முதல்ல கொஞ்ச நேரம் இவரு போடுவாரு, பொறகு விடிய விடிய நானு. இவருக்கு மூச்சு நிக்கிறப்பல்லாம் எந்திரிச்சு உலுக்குவேன். எந்திரிக்கிறப்ப மாஸ்க் நகந்துரும். அதான் காத்து கசிஞ்சிருக்கு."

மர்வா திரைக்குத் திரும்பினாள். காற்றுக் கசிந்த இடங்கள் சிவப்பு முட்களாக நின்றன. ஒரு முள், கொஞ்சம் இடைவெளி, இன்னொரு முள். பேனா நுனியால் எண்ணத் தொடங்கியவள் பாதிப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள்.

"அப்ப அன்ட்டி, நீங்க தூங்கவே இல்லியா?"

"நான் தூங்குனா இவர யாரு எழுப்புறது?"

றொபின்சனின் கை இன்னும் நீண்டபடியே இருந்தது. அது தன்னுடைய கை என்று ஞாபகம் வந்தவர்போல் மெதுவாக மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப அந்த ஏழு?"

"அதுல ஒங்கட முழிப்பும் அன்ட்டிட முழிப்பும்தான் ஈக்கி. ஒங்கட தூக்கம் இல்ல அங்கிள்."

"பொக்கு கலந்த மிளகு," என்றார் றொபின்சன். உள்ளே ஒன்றுமில்லாத மணியைக் கனத்த மணியோடு கலந்து கொண்டுவருகிற மூட்டைகளை அவர் ஆயுள் முழுக்கத் திருப்பி அனுப்பியிருக்கிறார். "நிறுத்துப் பாத்தா நடுவுல ஒரு கணக்கு நிக்கும். ரெண்டு மிளகுக்கும் சேராது." பிறகு மனைவியிடம் திரும்பினார். "ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா மெஷினத் திருப்பிக் குடுத்திருப்பீங்க."

  

7

டொக்டர் இருவருக்கும் ஏசினார். ஏசிய பிறகு, தூக்கத்தில் முகமூடியைப் பிய்த்தெறிகிற ஆளை வீட்டில் வைத்து அளக்க முடியாது, ஒரு நாள் இங்கேயே படுக்கட்டும், மர்வா பக்கத்தில் இருந்து கூட்டிக் குறைத்துப் பார்க்கட்டும் என்றார். கட்டில் கிடைக்கும் வரைக்கும் மர்வா முகமூடியை மட்டும் கையில் தந்து ஒரு வேலை கொடுத்தாள். பகலில், விழித்திருக்கும்போது, முகமூடியைப் போட்டுக்கொண்டு பழக வேண்டும். றொபின்சன் அதைப் போட்டுக்கொண்டு பத்திரிகை படித்தார். போட்டுக்கொண்டே கைப்பேசியில் மிளகுக்குப் பேரம் பேசினார். அண்ணன் கிணற்றுக்குள் விழுந்துவிட்டார் என்று நினைத்து ஒருவர் விலையைக் குறைத்துக் கொடுத்தாராம்.

பிறகு அந்த ஒரு நாள். நான் அங்கே இல்லை. கொறற்றியையும் உள்ளே விடவில்லை. மறுநாள் காலையில் மர்வா சொன்னதை வைத்து எழுதுகிறேன்:

மெஷின்: நாலு.

தொண்டை: (பதில் இல்லை. மூச்சும் இல்லை.)

மெஷின்: அஞ்சு. சரி, ஆறு.

தொண்டை: கொ— (நிபந்தனைப்படி பாதியாகக் குறைத்திருக்கிறேன்.)

மெஷின்: எட்டு.

தொண்டை: நிற்கவில்லை. ஆனால் நெரிகிறது.

மெஷின்: பத்து.

தொண்டை: ம்.

எங்கள் தெருவில் எந்த வியாபாரியும் இந்த "ம்"முக்குக் கைகொடுத்துவிட்டு மூட்டையைக் கட்டியிருப்பான். மர்வா கட்டவில்லை. காத்திருந்தாள். றொபின்சன் ஒருக்களித்துப் படுத்திருந்தார். ஒருக்களித்துப் படுத்தவன் சொன்ன விலை மல்லாந்து படுத்தால் செல்லாது. கனவு காணும் தூக்கத்தில் தொண்டை இன்னும் தளர்ந்துவிடும், அப்போது பேசிய பேச்சை மாற்றும். அந்த இரண்டும் சேரும் நேரத்தில் எந்த விலை நிற்கிறதோ அதுதான் விலை. விடியும் பக்கமாக அவர் புரண்டு மல்லாந்தார். மூடிய இமைக்குள் கண்கள் ஓடின. பத்து சரிந்தது, மூச்சு நின்றது. பதினொன்று. இழுபறி. பன்னிரண்டு. ஓடத் தொடங்கியது. ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு சந்தேகத்துக்குப் பதின்மூன்றும் வைத்துப் பார்த்தாள். முகமூடி ஓரத்தில் காற்று சீறியது, ஆள் நெளிந்தார். பன்னிரண்டுக்கே திரும்பி வந்து அங்கேயே விட்டாள்.

றொபின்சன் வாயைத் திறக்காமல் முடித்த ஒரே பேரம் அது. அவர் ஏமாறாத ஒரே பேரமும் அதுதான் என்பது கொறற்றியின் கட்சி.

8

பன்னிரண்டில் வைத்த சொந்த மெஷின் வீட்டுக்கு வந்தது. (எப்படி வாங்கினார்கள் என்பது காசுக் கதை. காசுக் கதை எழுத எங்கள் தெருவில் எனக்கு முன்னால் நிறையப் பேர் இருக்கிறார்கள்.) றொபின்சன் தூங்கினார். பகலில் கண் சொருகுவது நின்றது. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தை முழுதாகக் கேட்க வேண்டிவந்தது, அதை மட்டும் நட்டக் கணக்கில் எழுதினார்.

ஒரு காலை, பேசிய பேச்சுப்படி, கொறற்றி சாவியை எடுத்துவந்து அவருடைய தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ஆட்டுக்குட்டிக்குக் கீழ இருந்துச்சே, அதா?"

அவள் திடுக்கிட்டாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"டோர்ச் தேடுறப்ப கண்டேன். ஒளிச்ச அடுத்த நாளே."

"அப்ப ஏன் எடுக்கல? கையக் கைய நீட்டுனீங்களே!"

"நான் எடுத்தா நீ வேற எடம் தேடி ஒளிக்கணும். ஒனக்கு எதுக்கு அந்தக் கரைச்சல்? நீயாத் தரணும்னுதான் கைய நீட்டுனேன்."

(வாசகரே, நீங்கள் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும்.)

சாவியை எடுத்தவர் அவள் முகத்தைப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே மிளகுத் தோல் நிறத்தில் இரண்டு வளையங்கள்.

"நேத்து தூங்குனியா?"

"தூங்குனேன்."

"முழுசாவா?"

"முழுசாத்தான்."

"குறைச்சுச் சொல்லு."

"பாதி."

"கொறற்றி."

"கால்வாசி இருக்கும்," என்றாள். "சத்தம் கேட்டாத் தூக்கம் வரும் எனக்கு. சத்தம் நின்னா முழிப்பு வரும். இத்தனை வருசம் அப்படித்தான் பழக்கம். இப்ப சத்தமே இல்ல. ஓடுதா நின்னுருச்சான்னு ஒங்க நெஞ்சுல கை வச்சுப் பாத்தாத்தான் தெரியுது. பாத்துட்டுப் படுப்பேன். திரும்பச் சத்தம் இல்ல. திரும்பக் கை வைப்பேன்."

றொபின்சன் கோப்பையை வைத்தார். நாற்காலியை அலுமாரிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு ஏறினார். பெட்டியைத் திறந்து, வைக்கோலை விலக்கி, ஆட்டுக்குட்டியைத் தூக்கி, சாவியை அதற்குக் கீழே வைத்து, ஆட்டுக்குட்டியை நேராக நிறுத்தினார்.

"என்னா செய்யிறீங்க? மிளகு பறிக்கத் தொடங்கிட்டாங்க. நிஸ்தார் எல்லாத் தோட்டத்துக்கும் போயிட்டு வந்துருவாரு."

"போகட்டும். இப்பப் பறிக்கிறதெல்லாம் பொக்கு." நாற்காலியிலிருந்து இறங்கினார். "நீ ஒரு ராத்திரி முழுசாத் தூங்கி எந்திரி. அப்புறம் நான் மலைக்குப் போறேன். இதுல பேரம் இல்ல."

9

அதனால்தான் ஒரு மூட்டையோடு முச்சக்கர வண்டியில் வந்தார். நான் கேட்ட கேள்விக்குப் பதில் அது. சீசன் ஓடிக்கொண்டிருக்கிறது. லொறி வாசலில் நிற்கிறது, அதன் நிழலில் தெருநாய் ஒன்று குட்டி போட்டிருக்கிறது.

கைவசம் இரண்டு முடிவுகள் இருக்கின்றன. ஒன்றில், கொறற்றி மெஷினின் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு படுத்துப் பார்க்கிறாள். மூச்சு போவதும் வருவதும் அதில் மெல்லத் துடிக்கிறது. பிடித்தபடியே தூங்கிப்போகிறாள். விடிந்து வெயில் முகத்தில் விழும்போது றொபின்சன் அவளை எழுப்பாமல், சாவியை எடுக்க ஒட்டகத்தையும் கழுதையையும் நகர்த்திக்கொண்டிருக்கிறார். மற்றதில், நிஸ்தார் கடைசித் தோட்டத்துக்கும் போய்விடுவாரோ என்ற பயத்தில் அவள் ஒரு காலை கண்ணைக் கழுவிக்கொண்டு வந்து, "முழுசாத் தூங்கினேன்" என்று பொய் சொல்கிறாள். அந்தக் கலை அவளுக்குப் புதிதில்லை. இரண்டும் நல்ல சரக்கு. எது உண்மை என்று கேட்டு அக்காவுக்கு அழைத்தேன். "தூங்கி முடிஞ்சாச் சொல்றேன் தம்பி" என்று வைத்துவிட்டார். இன்னும் அழைக்கவில்லை. நீங்கள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எடுக்குமுன் ஒன்று சொல்வேன்: அவள் ஏற்கெனவே ஒரு தடவை நிறையை நிரப்பிக் கொடுத்தவள், அவர் மூட்டையைத் தொட்டதும் பொக்கைக் கண்டுபிடிக்கிறவர்.

கடையை மூடுமுன் கணக்கு.

றொபின்சன் கேட்டது ஐந்து, தொண்டை கேட்டது பன்னிரண்டு. பன்னிரண்டுக்குத் தீர்ந்தது.

குறட்டை, பேசியபடி பாதி. தீர்ந்தது.

லொறி மரத்தில் மோதவில்லை. ஒரு எழுத்து வாய் தவறிவிட்டது. அண்ணனுக்கு ஒரு எழுத்துப் பாக்கி.

மாதா சிலை: மெழுகுதிரி ஏற்றவில்லை. இரண்டு இடத்தில் தீக்குச்சி உரசிவிட்டேன். அக்காவிடம் மன்னிப்பு, பாக்கி.

பலாமரம் சாய இடம் கொடுத்தது. அதற்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை. பாக்கி.

வாசகருக்கு முடிவு ஒன்று. பாக்கி.

மரிய கொறற்றிக்கு ஒரு முழு இரவு. பாக்கி.